அப்பா லேப்டாப்பில் இருந்து ஃப்ளாஷ் போன கதை

அப்பாவின் விண்டோஸ் 10 லேப்டாப்பில் அடிக்கடி ஒரு பெட்டி குதிக்கும்: "ஃப்ளாஷ் பிளேயரை அப்டேட் செய்யுங்கள்." மனுஷனும் சளைக்காமல் ஓகே கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். பிரவுசரில் கேம், வீடியோ ஓட்ட உதவிய சாமான் அது; தயாரித்த அடோபி நிறுவனமே 2020 டிசம்பர் 31-ஓடு கைகழுவியதற்கு ஏது அப்டேட்? வந்ததெல்லாம் போலி.

மைக்ரோசாஃப்டின் கேபி4577586 அப்டேட் விண்டோஸோடு வந்த ஃப்ளாஷை மட்டும்தான் தூக்கும். அப்பா தனியாகப் போட்டதை நீக்க அடோபியின் அன்இன்ஸ்டாலர்தான் வழி. காசு கிடையாது, சின்ன ஃபைல். பிரவுசரை எல்லாம் மூடிவிட்டு ஓட்ட வேண்டும். டாஸ்க்பாரில் ஒளிந்திருந்த ஃபயர்பாக்ஸை மூடிய பிறகுதான் வேலை நடந்தது. அப்புறம் இரண்டே நிமிஷம்.

ஆனால் முழுசாகத் துடைக்காது. ரீஸ்டார்ட் செய்துவிட்டு, விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் 'மேக்ரோமெட்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃப்ளாஷ்' மிச்சத்தை நாமே அழிக்கச் சொல்கிறது அடோபி. முன்பு ஃப்ளாஷை வைத்திருந்த மேக்ரோமீடியா நிறுவனத்தை அடோபி 2005-லேயே வாங்கிவிட்டது, பெயர் மட்டும் அங்கேயே குடியிருக்கிறது! பக்கத்து ஃபைல்களில் கை வைத்துவிடாதீர்கள்.

இந்த அன்இன்ஸ்டாலருக்கு ஐந்துக்கு நாலு கொடுக்கலாம்.

"அப்போ அந்த கேரம் கேம் வராதா?" என்றார் அப்பா.

ஃப்ளாஷில் எதுவும் ஓடாதபடி 2021 ஜனவரி 12-லேயே தடுத்துட்டாங்கப்பா.