பத்துக்குப் பத்து ஹால்: வெள்ளையடிப்பதா, கண்ணாடி வைப்பதா, விளக்கைக் கூட்டுவதா?

சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வெளியே கண் கூசுகிற மத்தியான வெயில். வீட்டைக் காட்ட வந்தவர் உள்ளே நுழைந்ததும் முதலில் லைட் ஸ்விட்சைத்தான் தட்டுவார். குடிவந்து ஒரு வாரம் போன பிறகுதான், பகல் முழுக்க அந்த லைட் எரிந்தே ஆக வேண்டும் என்பது நமக்குப் புரியும்.

நாங்கள் இருப்பதும் அப்படி ஒரு தரைத்தள போர்ஷன்தான். பத்துக்குப் பத்து ஹால், அதற்கு நாலுக்கு நாலில் ஒரே ஜன்னல். திறந்தால் நாலடிச் சந்து, அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். அத்தை காலையில் பேப்பர் படிக்க வாசற்படிக்குப் போய் உட்காருவார். மழை வந்தால் படிப்பு நின்றுவிடும். அவருக்காகத்தான் இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். அளவுகோலும் அவருடைய பேப்பர்தான்: காலை பதினோரு மணிக்கு, லைட்டை அணைத்துவிட்டு, வரி விளம்பரத்தின் பொடி எழுத்தை ஜன்னலிலிருந்து எத்தனை அடி தள்ளி உட்கார்ந்து படிக்க முடிகிறது? குடிவந்த புதிதில் மூன்றடி.

காசு செலவில்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜன்னலில் ஒட்டியிருந்த கொசுவலையைக் கழற்றி வாளித் தண்ணீரில் போட்டேன். தண்ணீர் காப்பி டிகாஷன் மாதிரி கறுத்தது. மூன்று தண்ணீர் மாற்றிய பிறகுதான் வலைக்கு வெள்ளை நிறம் என்றே தெரிந்தது. பச்சைத் தடித்துணி திரையை எடுத்துவிட்டு, மாமாவின் பழைய நாலு முழ வேட்டியை இரண்டாக வெட்டி மாட்டினேன். பகலில் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது, வெளிச்சம் மட்டும் வடிகட்டி வரும். ஜன்னலில் கால்வாசியை மறைத்துக்கொண்டிருந்த பீரோவையும் நகர்த்தினோம். பேப்பர் ஐந்தடிக்குப் போனது. எதைச் செய்வதாக இருந்தாலும் இதை முடித்துவிட்டுச் செய்யுங்கள்.

சரி, செலவு வைக்கிற விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலும் போட்டி வெள்ளைப் பெயிண்டுக்கும் நிலைக்கண்ணாடிக்கும்தான். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை.

எங்கள் ஹாலில் மூன்று சுவர் ரோஸ். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை மட்டும் ‘ஹைலைட்’ என்று அடர்ந்த மெரூனில் அடித்திருந்தார்கள். உள்ளே வருகிற வெளிச்சம் நேராகப் போய் விழுகிற சுவரே அதுதான். நல்ல வெள்ளை, தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நடுத்தரமான ரோஸ், பச்சை எல்லாம் ஏறக்குறைய பாதி. மெரூன் பத்துக்குப் பக்கம். அறையின் உள்மூலைக்கு வெளிச்சம் நேராக வராது, சுவரிலும் கூரையிலும் மோதி மோதித்தான் வந்து சேரும். மூன்று முறை மோதினால் வெள்ளையில் நூறுக்கு 51 மிஞ்சும். பாதியைத் தின்கிற நிறத்தில் மிஞ்சுவது 12தான். ‘கொஞ்சம் லைட் கலர்தானே’ என்று நாம் விட்டுவிடுகிற இடத்தில் நாலு மடங்கு வித்தியாசம் இருக்கிறது.

அதனால் கூரைக்குச் சுத்த வெள்ளை, சுவருக்குச் சந்தன வெள்ளை, இரண்டும் பளபளப்பில்லாத எமல்ஷன். பட்ஜெட் இடித்தால் கூரையையும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரையும் மட்டும் அடியுங்கள், பாதிக்கு மேல் பலன் அங்கேயே கிடைத்துவிடும். சுண்ணாம்பு மலிவு, ஆனால் சாய்ந்தால் முதுகில் ஒட்டும். சின்ன வீட்டில் சாயாமல் இருக்க முடியாது. சுண்ணாம்பில் சொட்டு நீலம் கலக்கும் வழக்கம் கண்ணுக்குப் பளிச்சென்று காட்டும், வெளிச்சத்தைக் கூட்டாது. பெயிண்டுக்குப் பிறகு பேப்பர் ஏழடி.

கண்ணாடி வேறு மாதிரி. வெள்ளைச் சுவர் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் இறைக்கும். கண்ணாடி வாங்கியதை ஒரே திசையில் வீசும். அதனால் பேப்பர் சோதனையில் தேறவில்லை: ஒரு கோடு மாதிரி வெளிச்சம் விழுந்தது, அந்தக் கோட்டை விட்டு நகர்ந்தால் பழைய கதைதான். ஆனால் இடம் பெரிதாகத் தெரிவதில் இதை மிஞ்ச வேறொன்றில்லை. பத்தடிக்கு அப்பால் இன்னொரு பத்தடி இருப்பதாகக் கண் நம்பிவிடுகிறது. எதைக் காட்டுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜன்னலுக்கு நேர் எதிரே வைத்தபோது எங்களுக்குக் கிடைத்தது அடுத்த வீட்டு டிரெயினேஜ் பைப்பின் இரண்டாவது பிரதி. ஜன்னலை ஒட்டிய பக்கச்சுவருக்கு மாற்றியதும் பைப் மறைந்து, வெளிச்சம் விழுந்த சுவர் மட்டும் தெரிந்தது. மேற்கு ஜன்னலுக்கு எதிரே வைக்கவே வேண்டாம், சாயங்கால வெயிலை முகத்தில் அடிக்கும். இதற்கென்று புதுக் கண்ணாடி வாங்கவும் வேண்டியதில்லை. நம் வீடுகள் பலவற்றில் கதவில் கண்ணாடி வைத்த பீரோ இருக்கிறது, அதைத் திருப்பி வைத்தால் போதும். வீடு மாறும்போது கூடவே வரும் என்பது வாடகைக்காரர்களுக்குப் பெரிய வசதி. பெயிண்டை அப்படி எடுத்துப்போக முடியாது.

ஆக, இருட்டு உறுத்தினால் பெயிண்ட், நெருக்கம் உறுத்தினால் கண்ணாடி. எங்களுக்கு இருட்டு.

விளக்கைக் கூட்டுவது மூன்றாவது வழி. ராத்திரிக்கு அவசியம், பகலுக்குச் சமாளிப்பு. 20 வாட் எல்இடி டியூப் சுமார் 2000 லூமென் (விளக்கு விடும் மொத்த வெளிச்சத்தின் அளவு) தரும். பத்துக்குப் பத்து அறையில் அது நூறு, நூற்றைம்பது லக்ஸ் (ஓர் இடத்தில் வந்து விழும் வெளிச்சத்தின் அளவு). அதே நேரம் வெளியே நிழலில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும். விளக்கு பகலோடு போட்டி போட முடியாது. இருந்தாலும் ஒரு திருத்தம் செய்யலாம். ஒரே டியூப்பை ஒரு சுவரில் மாட்டினால் தூரத்து மூலைகள் கறுத்து, அறை சுருங்கும். அதே 20 வாட்டை இரண்டு பத்தாகப் பிரித்து எதிரெதிர்ச் சுவரில் மாட்டினோம், ராத்திரியில் ஹால் அகலமாகிவிட்டது. கடையில் கேட்காமலே எடுத்துத் தருவது 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) நீலவெள்ளை. 4000 கேட்டு வாங்குங்கள், சந்தனச் சுவரும் சாப்பாடும் மனிதர் முகமும் அதில்தான் இயல்பாக இருக்கும்.

இடம் பெரிதாகத் தெரிய இன்னொன்று படுக்கை. கட்டிலா பாயா என்பதற்கு அதிக யோசனை தேவையில்லை. முட்டி முடியாத பெரியவர்களுக்குக் கட்டில், மற்றவர்களுக்குப் பாய். பாயைச் சுருட்டி வைத்தால் தரை முழுக்கத் தெரியும்.

எல்லாம் செய்தும் பேப்பர் ஏழடியைத் தாண்டவில்லை. ஏன் என்று யோசித்தேன். ஈரப்பதமும் வெப்பமும் உள்ள ஊர்களில் அறைத் திறப்புகள் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. எங்கள் ஹால் 100 சதுர அடி, ஜன்னல் 16. கணக்கு ஏறத்தாழச் சரி. ஆனால் அந்த ஜன்னலிலிருந்து வானம் ஒரு கீற்றுதான் தெரிகிறது. அது முக்கால்வாசி பார்ப்பது எதிர்ச்சுவரை. அதாவது எங்களுக்கு வெளிச்சம் தருவதே அந்தச் சுவர்தான், அதுவோ பூசி மட்டும் விட்ட சிமென்ட், பாசி படிந்து கறுப்பு. (ஓட்டு வீட்டில் இருப்பவர்கள் இரண்டு கண்ணாடி ஓடு மாற்றினாலே வானம் நேராக உள்ளே வந்துவிடும். எங்கள் தலைக்குமேல் இரண்டு மாடி.)

போகிக்கு முந்தின வாரம் அடுத்த வீட்டு அண்ணனிடம் கேட்டேன். “அண்ணா, சந்துப் பக்கம் உங்க சுவர்ல எங்க ஜன்னலுக்கு நேரா வர்ற இடத்தை மட்டும் நாங்களே வெள்ளையடிச்சுக்கட்டுமா?” அவர் வந்து எங்கள் ஹாலில் நின்று ஜன்னல் வழியே தன் சுவரை ஒரு நிமிஷம் பார்த்தார். “இப்படித் தெரியுதாம்மா உங்களுக்கு? தாராளமா அடிச்சுக்கோங்க,” என்றவர், தேய்த்துக் கழுவ அவர் வீட்டு கம்பி பிரஷையும் கொடுத்தார். பாசியைச் சுரண்டி, கழுவி, காயவிட்டு, வெள்ளை சிமென்ட்டை இரண்டு கோட் அடித்தோம். ஜன்னலைவிட மூன்றடி உயரம் அதிகமாக அடித்ததுதான் முக்கியம், மேலே இருக்கிற சுவர்தான் வானத்தை நன்றாகப் பார்க்கிறது.

செலவில் ஹால் பெயிண்டைவிடக் குறைவு, பலனில் எல்லாவற்றையும்விட அதிகம். பேப்பர் பத்தடியும் போனது. அத்தை இப்போது எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து படிக்கிறார். இந்த மழையில் கீழ்ப்பகுதி மறுபடி பச்சை கட்டியிருக்கிறது. மார்கழியில் இன்னொரு கோட் அடிக்க வேண்டும், இந்த முறை அவர்கள் சமையலறை ஜன்னலுக்கு எதிரே வருகிற எங்கள் பக்கச் சுவருக்கும் சேர்த்து.