கண்புரை அறுவை: ஒருமுறைப் பொதியா, கழுவி எடுக்கும் கருவிகளா?

கண்புரை அறுவை சீக்கிரமே முடிந்துவிடும். நோயாளி எழுந்துபோன பிறகு மேசைக்கடியில் இருக்கும் வாளியைப் பார்க்க வேண்டும்: டிரேப் எனும் மறைப்பு விரிப்பு, கவுன், ஃபேகோ (புரையை மீயொலி அதிர்வால் உடைத்து உறிஞ்சும் முறை) கேசட், அதன் குழாய்கள், சிரிஞ்சுகள், பிளாஸ்டிக் தட்டு. போதாக்குறைக்கு, லென்ஸ் பெட்டியில் வந்த, யாரும் பிரித்துப் பார்க்காத பல மொழிக் கையேடு. எங்கள் அறுவை அரங்கில் ஒருமுறைப் பொதிகளைக் (ஒரே அறுவைக்கு எல்லாம் சேர்த்துக் கட்டி வரும், முடிந்ததும் எறியும் தொகுப்புகள்) குறைத்து, கழுவி ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் கலன்) வைக்கும் கருவிகளுக்கும் துணிகளுக்கும் மாறிவிட்டோம். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை.

ஒருமுறைப் பொதியின் வசதியை மறுக்க முடியாது. பிரித்தால் வேலை ஆரம்பம், முடிந்தால் வாளி. அதன் பெரிய குறை, கேட்காததும் சேர்ந்தே வருவது. மருத்துவர் தொடவே தொடாத ஒரு கேனுலாவும் (மெல்லிய குழல்) இரண்டு சிரிஞ்சும் பொதியில் இருந்தால், பிரித்த நிமிடமே அவையும் குப்பைதான்.

கழுவி எடுப்பதற்கும் தண்ணீர், மின்சாரம் செலவாகிறதே என்பார்கள். சரிதான். ஆனால் தென்னிந்தியாவின் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் எடுத்து 2017-இல் வெளியான கணக்கைப் பாருங்கள். அங்கே ஒரு ஃபேகோ அறுவைக்குச் சுமார் கால் கிலோ கழிவு, 6 கிலோ அளவுக்குக் கார்பன் உமிழ்வு. பிரிட்டனில் அதே அறுவைக்கு ஆகும் உமிழ்வில் இது ஏறக்குறைய 5 சதவீதம். அதற்காகத் தொற்று கூடிவிடவும் இல்லை. அங்கே சுமார் 6 லட்சம் அறுவைகளை அலசியதில், கண்ணுக்குள் மாக்சிஃப்ளாக்சசின் எனும் கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தத் தொடங்கிய பிறகு உட்கண் தொற்று 0.07-இலிருந்து 0.02 சதவீதமாக இறங்கியிருந்தது. ஒரே பொருளை அடுத்தடுத்த நோயாளிகளுக்கு எடுக்கும் அவர்களுடைய சில வழக்கங்களைப் பல நாடுகளின் விதிகள் அனுமதிக்காது. அதனால் அந்தக் கழிவு, கார்பன் எண்களை அப்படியே எல்லா இடத்திலும் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி, இந்த முடிவை ஆக்குவதும் கெடுப்பதும் எது என்றால், கழுவும் வேலை. கண்ணுக்குள் திரவத்தைச் செலுத்தி உறிஞ்சி எடுக்கும் சிம்கோ கேனுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் துளை அவ்வளவு நுண்ணியது. அறுவையின்போது கண்ணுக்குள் செலுத்தும் விஸ்கோ ஜெல் அதற்குள் தங்கிக் காய்ந்துவிட்டால், பிறகு எவ்வளவு அலசினாலும் முழுதாகப் போகாது. அதனால் கருவி மேசையை விட்டு இறங்கியதுமே சிரிஞ்சில் சுத்தமான காய்ச்சி வடித்த நீரை ஏற்றி, துளை வழியாகப் பலமுறை பீய்ச்ச வேண்டும்; கடைசியில் காற்றைச் செலுத்தி உலர்த்த வேண்டும். ஆட்டோகிளேவ் கிருமியைக் கொல்லும், அழுக்கை எடுக்காது. காய்ந்த ஜெல்லும் சோப்புக் கரைசலின் மிச்சமும் இறந்த பாக்டீரியாவின் நச்சும் அந்தச் சூட்டையும் தாண்டி உள்ளேயே நிற்கும். அது அடுத்த நோயாளியின் கண்ணுக்குள் போனால் ஓரிரு நாளில் 'டாஸ்' எனும் கடும் அழற்சி வரலாம். கிருமியே இல்லாத அழற்சி அது.

ஆகவே கருவி வாங்கும் பணத்தைவிட, கழுவுகிற ஆளுக்கு நேரம் ஒதுக்குவது முக்கியம். அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்று அவரை விரட்டினால் இந்த முறையே வேண்டாம். ஒரே ஒரு கருவித்தொகுதி வைத்துக்கொண்டு ஓட்டவும் கூடாது. ஒன்று மேசையில் இருக்கும்போது மற்றது நிதானமாகக் கழுவப்பட வேண்டும். ஆட்டோகிளேவைப் பாதி காலியாக ஓட்டினால் மிச்சம் பிடித்த கார்பனில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும்.

துணியிலும் ஒரு சிக்கல் உண்டு. பருத்தி நூல் உதிர்ந்து கண்ணில் விழும். நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர்தான் சரிப்படும். இமைமயிரை மூடும் ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தை நாங்கள் இன்னும் ஒருமுறைதான் பயன்படுத்துகிறோம். பிளேடும் அப்படியே.

எந்த முறையானாலும் சொட்டு மருந்து வீணாவது தனிக்கதை. அமெரிக்காவில் 4 மையங்களைப் பார்த்த ஆய்வு ஒன்றில், கண்புரை அறுவைக்குத் திறந்த சொட்டு மருந்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சிப் போயிருந்தது.

விழித்திரை அறுவைக்கு இதையெல்லாம் அப்படியே சொல்ல எனக்குத் துணிவில்லை. அங்கே எங்கள் அனுபவம் குறைவு. அதன் கணக்கே வேறு: கண்ணுக்குள் நிரப்பும் எஸ்எஃப்6 வாயு, எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல 20,000 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும். வாரத்துக்கு நான்கைந்து கண்புரை அறுவை மட்டும் நடக்கும் சிறிய இடமாக இருந்தால், கழுவத் தனி ஆள் கட்டுப்படியாகாது. அங்கே பொதியே இருக்கட்டும். மருத்துவர் தொடாதவற்றைப் பட்டியலிட்டு, அவை இல்லாத பொதியாகத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கலாம்.