தள்ளு ரம்பமா, இழுவை ரம்பமா?

முதல் கைரம்பம் வாங்கும்போது, பல் எந்தத் திசையில் வெட்டுகிறது என்று பாருங்கள். நம் கடைகளில் கிடைக்கும் சாதா ரம்பம் தள்ளும்போது வெட்டும். தள்ளும்போது வளையக்கூடாது என்பதால் தகடு தடிமன், வெட்டு 1.5 மி.மீ. வரை அகலும், கை வலியும் அதிகம். ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போது வெட்டும். இழுபடும் தகடு தானே நேராக நிற்கும், அதனால் மெல்லிய தகடே போதும். வெட்டு 1 மி.மீ.க்குள் அடங்கும். கழுந்து (இன்னொரு கட்டையின் துளையில் செருகும் முனை) அறுக்க இதுதான் சுகம்.

ஆனால் தள்ளிப் பழகிய கை அதையும் அழுத்தித் தள்ளும், தகடு மடங்கிவிடும். வேங்கை போன்ற கெட்டி மரத்தில் கணு வந்தால் பல் உடையும். மழுங்கினால் பெரும்பாலும் தகட்டையே மாற்ற வேண்டும். சாதா ரம்பத்தை முப்பட்டை அரத்தால் ராவிக்கொள்ளலாம். பல் நுனி மட்டும் கறுத்திருந்தால் அது கடினப்படுத்தியது, அரம் ஏறாது. கதவுச் சட்டம், பலகை என்று முரட்டு வேலைதான் அதிகம் என்றால் சாதா ரம்பமே வாங்குங்கள்.

எதுவானாலும் கட்டையை கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். முதல் இரண்டு மூன்று வெட்டுக்குத் தகட்டின் பக்கவாட்டில், பல்லுக்கு மேலே கட்டைவிரல் மூட்டை அணை கொடுங்கள். விரல் நுனியை வைத்தால், ரம்பம் துள்ளும்போது நகத்தோடு போகும். பள்ளம் விழுந்ததும் கையை எடுத்துவிடுங்கள்.