ஹோட்டன் சமவெளிக் குளிருக்கு எந்த அடுப்பு?

யாழ்ப்பாணத்துக் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது, பக்கவாட்டில் நீள ரின் செருகும் போட்டபிள் காஸ் அடுப்பு. காரைநகர்க் கடற்கரையில் அதற்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2,100 மீற்றர் உயரத்தில், தை மாசி விடியலில் புல்லெல்லாம் உறைபனி படரும் ஹோட்டன் சமவெளிக்கு அதை மட்டும் நம்பிப் போகவேண்டாம்.

அந்த ரின்னில் பெரும்பாலும் இருப்பது பியூட்டேன். கடல்மட்டத்தில் அதன் கொதிநிலை −0.5 பாகை செல்சியஸ். மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இன்னும் சில பாகை கீழேயும் ஆவியாகும். ஆனாலும் எரிய எரிய ரின் குளிர்ந்துகொண்டே போகும். முதலில் சீறி எரிந்த சுவாலை தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க முன்னரே சுருங்கிவிடும். குலுக்கினால் உள்ளே காஸ் சலசலக்கும், அடுப்புக்கு வராது. இரவில் ரின்னைப் போர்வைக்குள் வைத்திருந்தால் காலையில் ஓரளவு தப்பலாம். நெருப்பில் காட்டிச் சூடாக்கவே கூடாது.

திருகிப் பூட்டும் கலவை ரின் இதைவிட எவ்வளவோ மேல். அதில் கலந்திருக்கும் ஐசோபியூட்டேன் −11.7 பாகையிலும் புரொப்பேன் −42 பாகையிலும் கொதிக்கும். புரொப்பேன்தான் முதலில் தீரும், ஆகவே பாதி முடிந்த ரின்னை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். விமானத்தில் இதை ஏற்றவிடமாட்டார்கள். நேபாளம் போகிறவர்கள் காத்மண்டு தமேலில் வாங்கலாம்.

எங்கள் முதல் தெரிவு பம் அடிக்கிற மண்ணெண்ணெய் அடுப்புத்தான். பாரம் கூட, மணமும் உண்டு, ஆனால் குளிர் அதை அசைக்காது. பெற்றோமக்ஸ் கொளுத்தியவர்களுக்குப் பழக்கமான வேலை: கிண்ணத்தில் இரண்டு தேக்கரண்டி ஸ்பிரிட் விட்டுக் கொளுத்தி, அது அணையப்போகும் நேரத்தில் காற்றுத் திருகை இறுக்கிப் பம் அடிக்கவேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய் ஆவியாகாமல் பீறிட்டு, மஞ்சள் சுவாலை முழ உயரம் எழும்பிப் பானையெல்லாம் கரி. துவாரம் அடைத்தால் குத்த ஊசி கட்டாயம். எந்த அடுப்பையும் கூடாரத்துக்குள் எரிக்காதீர்கள், காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

அங்கே தண்ணி 93 பாகையிலேயே கொதித்துவிடும், பருப்பு அவிய நேரமெடுக்கும். எரிபொருளைத் தாராளமாகக் கணக்கிடுங்கள்.

தீமூட்ட, கடையில் விற்கும் கட்டிகளைவிட நம்மூர்ப் பன்னாடையும் கற்பூரமும் திறம். தேசியப் பூங்காவில் விறகு பொறுக்கத் தடை. நெருப்பு மூட்ட அனுமதியுள்ள தங்குமிடம் என்றால் சிரட்டைக்கரியை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். காய்ந்த பன்னாடையைக் கசக்கி அடியில் வைத்து, மேலே இரண்டு கட்டி கற்பூரம் போட்டால் ஈரக்காற்றிலும் பிடிக்கும். நெருப்புப்பெட்டியைப் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றுங்கள். கற்பூரத்துக்கு மூடி இறுகிய ரின் வேண்டும், திறந்துகிடந்தால் காற்றோடு கரைந்து போய்விடும்.