அமெரிக்க வீட்டோவா, நம் நாட்டு ஒப்புதலா: மசோதா எங்கே முடங்குகிறது?

பாளையங்கோட்டையில் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முடிச்சு ஒன்றுதான்: கெடு. அந்த வகையில் அமெரிக்க ஏற்பாடே மேல்.

அங்கே மசோதா அதிபர் கைக்கு வந்தால் ஞாயிறு நீங்கலாக 10 நாள். மறுத்துத் திருப்பினால் (இதுதான் வீட்டோ), அதை மீறி நிறைவேற்ற இரு அவைகளிலும் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எல்லாரும் வந்தால் பிரதிநிதிகள் அவையில் 290, செனட்டில் 67. எட்டுவது கடினம். பேசாமல் வைத்திருந்தாலோ தானே சட்டமாகிவிடும். அதற்குள் காங்கிரஸ் (அந்நாட்டு நாடாளுமன்றம்) ஒத்திவைக்கப்பட்டு, திருப்பி அனுப்ப வழியில்லாமல் போனால்தான் செத்துப்போகும்.

இங்கே தலைகீழ். அரசியலமைப்பின் 111-வது பிரிவுப்படி குடியரசுத் தலைவர் திருப்பியதை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதல் தந்தே ஆகவேண்டும். ஆனால் முதல் தடவை முடிவெடுக்க நாள் கணக்கே இல்லை. 1986 அஞ்சலக மசோதாவை ஜெயில் சிங் ஏற்கவுமில்லை, திருப்பவுமில்லை, அப்படியே கிடந்தது.

மாநில மசோதாக்களில் ஆளுநர் முடிவெடுக்கும் 200-வது பிரிவில்தான் நமக்கு வலி. 2023 நவம்பரில் ஆளுநர் திருப்பிய 10 மசோதாக்களைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 18-ஆம் தேதி மறுபடி நிறைவேற்றியது; அப்போது பேரவைத் தலைவராக இருந்தவர் நம் இராதாபுரம் உறுப்பினர் மு. அப்பாவு. ஆளுநர் கையெழுத்திடாமல் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அந்த வழியில், 201-வது பிரிவுப்படி, எத்தனை தடவை நிறைவேற்றினாலும் ஒப்புதல் கட்டாயமில்லை. 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம் ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கெடு வகுத்தது. நவம்பர் 20-இல் அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், கோர்ட் கெடு வைக்க முடியாது என்றார்கள். காரணமில்லாமல் நெடுநாள் கிடந்தால் முடிவெடுக்கச் சொல்லி உத்தரவு மட்டும் கேட்கலாம்.