பழைய ராணுவப் பதக்கம்: துலக்குவதா, கறுப்போடு விடுவதா?

கறுத்துப்போன வெள்ளிப் பதக்கம் கைக்கு வந்தால் மூன்று வழிகள் இருக்கின்றன. பளபளவென்று துலக்கலாம். துலக்கி லாக்கர் என்னும் ஒளிபுகும் பூச்சைப் பூசி மூடிவிடலாம். கறுப்பை அப்படியே விட்டு, ஈரத்தையும் கெட்ட காற்றையும் மட்டும் தடுக்கலாம். நான் மூன்றாவது கட்சி.

எது அழகு என்பது அவரவர் ரசனை, அதில் வாதமே வேண்டாம். என் கவலையெல்லாம் விளிம்பைப் பற்றியது. 1914–18 போருக்கான பிரிட்டிஷ் வார் மெடலை எடுத்துக்கொள்ளுங்கள். 36 மி.மீ. விட்டமுள்ள வெள்ளி வட்டம், லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டது. அதில் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது விளிம்பில் குத்தியிருக்கும் எண், பதவி, பெயர், படைப்பிரிவு மட்டும்தான். கறுப்பு என்பது மேலே ஒட்டிய அழுக்கல்ல, கந்தகத்தோடு சேர்ந்து மாறிய வெள்ளியே. பசை போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெள்ளி துணியோடு போகிறது. முதலில் அரசர் தலையின் முடி, புருவம், கன்னமேடு மழுங்கும். அடுத்து எழுத்துகளின் கூர்மை.

விற்கும்போதுதான் இதன் விலை தெரியும். மோசடிக்காரர்கள் பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டுப் புதுப் பெயர் குத்துவது உண்டு. அதனால் விவரம் தெரிந்தவர் வெர்னியர் அளவுகோலை வைத்து விளிம்பைச் சுற்றி நாலைந்து இடத்தில் விட்டம் அளப்பார். ஓரிடத்தில் குறைந்தாலோ, விளிம்பு தட்டையாகத் தெரிந்தாலோ கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். வருடக்கணக்காகத் துலக்கி எழுத்து ஆழமற்றுப்போன, முற்றிலும் அசலான பதக்கமும் இதே சந்தேகத்தில் மாட்டும். அசல் என்பதற்கான சாட்சியைத் துலக்கியவரே அழித்துவிட்டார்.

வாங்கும் முன் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸான லூப்பும் ஒரு சிறு டார்ச்சும் போதும். ஒளியைப் பக்கவாட்டில் தாழ்வாக அடித்துப் பதக்கத்தை மெல்லச் சுழற்றுங்கள். ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் துலக்கியதன் தடயம். அங்கங்கே சிதறிய சிறு குழிகள் வேறு கதை: மார்பில் தொங்கும்போது பக்கத்துப் பதக்கம் மோதியவை. அதே போருக்கான நட்சத்திர வடிவப் பதக்கமான 1914–15 ஸ்டாரின் முனைகள் இதில் பெயர்போனவை. அணிந்ததன் தேய்மானமாக அதைச் சேகரிப்பாளர்கள் ஏற்றுக்கொள்வார்கள், துலக்கிய கீறலை அல்ல.

முக்கி எடுக்கும் திரவங்கள் துலக்குவதைவிட மோசம். சில நொடிகளில் கறுப்பு போய்விடும். கூடவே பள்ளங்களில் இருந்த நிழலும் போய், பதக்கம் வெளிறித் தட்டையாகிவிடும். எனாமல் விரிசலிலும் இணைப்பின் இடுக்கிலும் புகுந்த திரவத்தைக் கழுவி வெளியேற்றுவது பெரும்பாடு. இரும்பு நடுப்பகுதியை வெள்ளிச் சட்டத்துக்குள் பொருத்திய 1914 அயர்ன் கிராஸை (ஜெர்மனியின் சிலுவை வடிவப் பதக்கம்) முக்கினால், உள்ளிருந்து துரு கிளம்பும்.

லாக்கர் கேட்க நன்றாக இருக்கும். பூச்சில் ஊசிமுனை ஓட்டை ஒன்று விழுந்தால் போதும், அதன் வழியே கறுப்பு இறங்கி அடியில் பரவும். எத்தனை வருடம் தாங்கும் என்று பொதுக்கணக்குச் சொல்ல முடியாது, பூசிய கையைப் பொறுத்தது. அக்ரிலிக் லாக்கரை எடுக்க அசிட்டோன் வேண்டும். எனாமல் என்று நினைத்தது கண்ணாடி எனாமலாக இல்லாமல் ரெசினாக இருந்தால், அதையும் அசிட்டோன் கரைத்துவிடும். அடிக்கடி கையில் எடுக்கும் பித்தளை, வெண்கல பேட்ஜ்களுக்கு மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை (உலோகத்தைக் காக்கப் பூசும் மென்மெழுகு) மெல்லத் தடவித் துணியால் ஒற்றுவது மேல். வேண்டாமென்றால் ஒயிட் ஸ்பிரிட் என்னும் பெயிண்ட் கரைப்பானில் வந்துவிடும்.

மூன்றாவது வழியில் வேலை குறைவு, ஒழுங்குதான் தேவை. நைட்ரைல் கையுறை போட்டு, மென்தூரிகையால் தூசி தட்டுங்கள். மிருதுவான பிவிசி உறை வேண்டவே வேண்டாம். அதிலிருந்து கசியும் பொருள் பிசுபிசுத்துப் பச்சை பிடிக்க வைக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிஎத்திலீன் உறையே சரி. ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் கந்தகம் விடும். ஓக் மர இழுப்பறையின் அமில ஆவியில் ஈய பேட்ஜ்கள் வெள்ளைப் பொடியாக உதிரும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் கறுப்புத் தடுப்புப் பட்டையும் போட்டு, சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் வையுங்கள். 40–45 சதவீதம் நல்ல சமரசம்; அதற்கும் மிகக் கீழே இறக்கினால் பட்டு ரிப்பன் நொறுங்கத் தொடங்கும். ரிப்பனைத் துவைக்காதீர்கள், வெயில் படும் சட்டத்திலும் மாட்டாதீர்கள்.

'அப்படியே விடு' என்பது பித்தளையிலும் வெண்கலத்திலும் பிடிக்கும் எல்லாப் பச்சைக்கும் பொருந்தாது. தோல் வார் பட்ட இடத்தில் மெழுகுபோல் ஒட்டும் பச்சையை மரக்குச்சியால் நெம்பி, ஒயிட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். வெளிர்பச்சைப் பொடியாக, தட்டியும் திரும்பத் திரும்ப வந்தால் அது குளோரைடு உப்பு உலோகத்தை அரிக்கும் வேலை. அந்த உருப்படியை ரிப்பனைக் கழற்றித் தனி டப்பாவில், 40 சதவீதத்துக்குக் கீழான ஈரப்பதத்தில் வைக்க வேண்டும். அதன்மேல் மெழுகு பூசி மூடினால் அடியில் தொடர்ந்து அரிக்கும்.

துலக்கலாம் என்று நான் விடுவது சாதாரணப் பித்தளைத் தொப்பி பேட்ஜை மட்டும். அதை அணிந்தவரே தினமும் துலக்கியிருப்பார். அதற்கும் முன் லூப்பில் பாருங்கள்: மேடுகள் ஒரு நிறம், பள்ளங்கள் பொன்னிறம் என்றால் மேலே முலாம் இருக்கிறது. வெறும் துணிகூட அதில் படக்கூடாது.