ஆட்குறைப்புப் பேச்சுக்கு வெளியாள் சேவை: ஊழியர் பிரதிநிதியாக என் மதிப்பீடு

எங்கள் நிறுவனம் ஆட்குறைப்பு அறிவித்தபோது, ஊழியர்களோடு பேசும் வேலையை ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. கூட்டம் நடத்துவது, கேள்விக்குப் பதில் சொல்வது, கூட்டக் குறிப்பு எழுதுவது எல்லாம் அவர்கள்தான். நான் ஊழியர் தரப்பில் உட்கார்ந்து பேசியவன். உங்கள் நிர்வாகமும் இப்படி ஒரு சேவையை அமர்த்தப்போகிறது என்றால் இதைப் படித்துவிடுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் தளத்தில் இழப்பீட்டைக் கணக்கிடும் வசதி அருமை. சேர்ந்த தேதி, சம்பளம், மிச்ச விடுப்பு மூன்றையும் கொடுத்தால், கைக்கு வரும் தொகையை வரிவரியாகப் பிரித்துக் காட்டும். கூட்டம் நடத்திய அம்மாவும் மரியாதை தெரிந்தவர். பேச முடியாமல் உடைந்துபோன ஒருவரை அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

ஆனால் கலந்தாலோசனை என்று சொல்லி விற்கிறார்களே, அது மட்டும் நடக்கவே இல்லை. நாங்கள் கேட்டது நான்கே விஷயம். ஏன் ஆட்குறைப்பு? எந்தப் பிரிவில் எத்தனை பேர்? எந்தக் காலத்துக்குள்? ஆட்களை எந்த அளவுகோலில் தேர்ந்தெடுக்கிறீர்கள்? முதல் மூன்றையும் பிரதிநிதிகளுக்கு உரிய நேரத்தில் சொல்ல வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 158ஆவது உடன்படிக்கை 1982லேயே எழுதிவைத்திருக்கிறது. வேலைநீக்கத்தைத் தவிர்க்க, குறைக்க என்ன வழி என்று பேச வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் அதே உடன்படிக்கையின் 13ஆவது பிரிவில்தான் வருகிறது. நான்காவது கேள்விக்கான பதிலை ஐரோப்பிய ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டு ஆணை எழுத்தில் தரச் சொல்கிறது. எல்லா நாடுகளும் 158ஐ ஏற்கவில்லை, சரி. ஆனால் இந்த நிறுவனம் தன் சிற்றேட்டில் 'சர்வதேசத் தரம்' என்று போட்டிருக்கிறது. அந்தத் தரத்தை வைத்துத்தான் அளக்கிறேன்.

எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொள்கிறோம்." பேக்கிங் பிரிவில் ஓவர்டைமை நிறுத்தினால் எத்தனை வேலை மிஞ்சும், தாமாக விலக விரும்புகிறவர்களை முதலில் கேட்டால் என்ன என்று கணக்கோடு எழுதிக் கொடுத்தோம். கூட்டக் குறிப்பில் அது "பிரதிநிதிகள் கவலை தெரிவித்தனர்" என்று ஒற்றை வரியாகச் சுருங்கியிருந்தது. எங்கள் தாள் இணைக்கப்படவே இல்லை. வயிறு எரிந்தது.

அப்புறம் ஒரு நாள் திரையைப் பகிரும்போது தவறான கோப்புறை திறந்துவிட்டது. 'பணிநீக்கக் கடிதம், இறுதி' என்று வரிசையாகக் கோப்புகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஊழியர் எண். சேமித்த தேதி எங்கள் முதல் கூட்டத்துக்கு முந்தையது. நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே கலந்தாலோசனை முடிந்திருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2005இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இங்கே கடிதம் முதலிலேயே தயார், பேச்சு அதற்குப் பிறகு. அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, கூட்டக் குறிப்பில் கையெழுத்துப் போட மறுத்து, தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்தோம்.

துறை அதிகாரி கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் நிர்வாகமே நேரில் வந்து உட்கார்ந்தது. ஓவர்டைம் விவரம் கைக்கு வந்தது. பேக்கிங் பிரிவில் சிலருடைய பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் எதிரில் இருந்தால் அரை மணி நேரத்தில் நடக்கிற காரியம் இது. இடையில் ஆள் வைத்ததால் பல குடும்பங்கள் தூக்கம் இழந்தன. மற்றவர்களுக்காக வழக்கு இன்னும் நடக்கிறது.

ஐந்துக்கு ஒரு நட்சத்திரம், அந்தக் கணக்கு வசதிக்காக. உங்கள் இடத்துக்கு இவர்கள் வந்தால், முதல் கூட்டத்திலேயே ஒன்றை எழுத்தில் கேளுங்கள்: இந்தப் பட்டியலை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா? இல்லை என்றால், இருப்பவரை அழைத்து வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.